லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை, சரி... அது யாருடைய லாரி?

நண்பர்களே, ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு வந்த பேப்பர்களில் லாரி விபத்துச் செய்திகளை மட்டும் எடுத்துப் படியுங்கள். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, இறந்தவர் பெயர், வயது, ஊர், உடலை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடைசி வரி இரண்டில் ஒன்று: "லாரி டிரைவரைப் போலீசார் கைது செய்தனர்" அல்லது "தப்பி ஓடிய டிரைவரைப் போலீசார் தேடி வருகின்றனர்".

நடுவில் எங்கேயாவது "லாரி பிரேக் பிடிக்காததால்" என்று ஒரு வார்த்தை வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்த லாரி யாருடையது? கடைசியாக எப்போது பட்டறைக்குப் போனது? பிரேக் லைனிங் மாற்றி எத்தனை மாதம் ஆச்சு? எஃப்சி எப்போது காட்டினார்கள்? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிரேக் என்பது மழை மாதிரி தானாக வந்து தானாகப் போகிற சமாச்சாரம் என்பது போல நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறோம்.

நான் பி.காம். படிப்பவன், சட்டக் கல்லூரி மாணவன் இல்லை. ஆனால் "செலவை யார் மிச்சம் பிடிக்கிறார்கள், நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்" என்ற கேள்வி எங்கள் பாடத்துக்குள்தான் வருகிறது. அந்தக் கோணத்தில் யோசித்தால் நம் நாட்டு லாரி விபத்துக் கணக்கில் பற்று ஒரு பக்கம், வரவு வேறு பக்கம் என்று கிடக்கிறது. பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்டு லாபம் பார்ப்பவர் ஒருவர். அதற்காக ஜெயிலுக்குப் போகிறவர் இன்னொருவர். பணம் கட்டுவது மூன்றாவது ஆள். செத்துப்போவது நாலாவது ஆள். இது மாற வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

யார் இந்த லாரி முதலாளி?

முதலாளி என்றவுடன் சினிமாவில் வருகிற மாதிரி வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி, ஐம்பது லாரி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் லாரித் தொழிலில் பெரும்பாலானவர்கள் ஒன்று முதல் ஐந்து லாரி வரை வைத்திருக்கும் சின்ன ஆட்கள்தான். நாமக்கல், சங்ககிரி பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், டிரைவராக இருந்து காசு சேர்த்து, ஃபைனான்ஸ் வாங்கி, சொந்த வண்டி எடுத்தவர்கள் ஏராளம். நம்ம ஊரில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கம் லோடுக்காகக் காத்து நிற்கும் வண்டிகளிலும் இந்த மாதிரி ஒற்றை வண்டி ஓனர்கள் உண்டு.

அவருடைய மாதச் செலவுக் கணக்கைப் போடுவோம். ஃபைனான்ஸ் டியூ. டீசல். டோல்கேட். டிரைவர் சம்பளம், பேட்டா. சாலை வரி. இன்சூரன்ஸ். பெர்மிட். டயர். பட்டறைச் செலவு.

இதில் எதைத் தள்ளிப்போட முடியும்? டியூ கட்டாவிட்டால் வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டீசல் இல்லாமல் ஓடாது. டோலுக்குக் காசு இல்லாமல் கேட் திறக்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் எஃப்சி கிடைக்காது. தள்ளிப்போடக் கூடியது இரண்டே இரண்டுதான்: டயரும் பட்டறையும். "இந்த டிரிப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்." அந்த டிரிப் முடிந்தால் அடுத்த லோடு ரெடியாக நிற்கும். தேய்ந்த டயருக்கு மேல் ரப்பர் ஒட்டி ஓட்டுவது, லைனிங்கைத் தகடு தெரியும் வரை ஓட்டுவது, இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. வாடகை ஏறுவதில்லை, டீசல் மட்டும் ஏறுகிறது, அதனால் நடக்கிறது.

இதை நான் நியாயப்படுத்தவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் "ஓனரைத் தூக்கில் போடு" என்று எழுதுவது சுலபம், அதனால் ஒரு லாரியின் பிரேக்கும் சரியாகாது, அவ்வளவுதான்.

இங்கே வரிச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவை எங்கள் வகுப்பில் படித்தோம். பத்து வண்டி வரை வைத்திருப்பவர் கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், மற்ற வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொண்டு வரி கட்டினால் போதும். சின்ன ஆட்களுக்கு நல்ல சலுகைதான். ஆனால் ஒரு பக்க விளைவு உண்டு. எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாக அந்த முறை வைத்துக்கொள்வதால், பிரேக் வேலை பார்த்த பில்லை வைத்துத் தனியாக எதுவும் கழிக்க முடியாது. பில்லுக்கு உபயோகம் இல்லை என்றால் பில் யார் வாங்குவார்? பட்டறைக்காரரும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்து "இந்த வண்டிக்கு என்ன வேலை பார்த்தீர்கள்" என்று கேட்டால் ஓனருக்கே ஞாபகம் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பணம் யார் கட்டுகிறார்கள்?

விபத்து நடந்துவிட்டது, ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியது. 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேதி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரு சூத்திரம் கொடுத்தது. உதாரணம்: இறந்தவருக்கு வயது 30, தனியார் வேலை, மாதம் 20,000 ரூபாய் சம்பளம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா ஆக நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

வருட வருமானம் 2,40,000.
எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 3,36,000.
அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 2,52,000.
30 வயதுக்குப் பெருக்கு எண் 17. ஆக 42,84,000 ரூபாய்.

இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு போன்ற சில தலைப்புகளில் கொஞ்சம் சேரும். ஒற்றை லாரி ஓனர் இதைத் தன் கையிலிருந்து கட்ட முடியுமா? லாரியை விற்றாலும் ஃபைனான்ஸ் போக மிச்சம் இருக்காது. அதனால்தான் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கி இருக்கிறார்கள் (146-ஆம் பிரிவு). பாலிசி இருந்தால் கம்பெனி கட்டுகிறது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற மீறல் இருந்து, அதில் ஓனரின் அலட்சியமும் நிரூபணமானால், கம்பெனி முதலில் குடும்பத்துக்குக் கட்டிவிட்டுப் பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லி இருக்கிறது.

நல்ல ஏற்பாடு, எனக்கு மறுப்பே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் வருவதுதான் முதல் முக்கியம். ஆனால் பிரீமியத்தைப் பாருங்கள். சரக்கு வாகனங்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது, வண்டியின் மொத்த எடையை வைத்து. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 7.5 டன் வரை 16,049 ரூபாய், 12 முதல் 20 டன் வரை 35,313 ரூபாய், 40 டன்னுக்கு மேல் 44,242 ரூபாய்.

எடை மட்டும்தான்! மாதம் தவறாமல் பட்டறைக்கு விடுகிறவருக்கும் 35,313. மூன்று வருடமாக பிரேக் டிரம்மைக் கழற்றியே பார்க்காதவருக்கும் 35,313. கிளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) எல்லாம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியில்தான், இதில் கிடையாது. ஒழுங்காக இருப்பவருக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை, ஒழுங்கில்லாதவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. எகனாமிக்ஸ் பேப்பரில் "மாரல் ஹஸார்ட்" என்று இரண்டு மார்க் கேள்வி வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :-)

ஜெயிலுக்கு யார் போகிறார்கள்?

டிரைவர். சந்தேகமே வேண்டாம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. அலட்சியத்தால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருடம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1). அதிகபட்சம் ஐந்து வருடம். போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் பத்து வருடம் வரை என்று 106(2) சொன்னது. அதை எதிர்த்துத்தான் 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்கள் வட மாநிலங்களில் லாரி ஸ்டிரைக் நடந்து பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. அரசு பேச்சுவார்த்தை நடத்தியது. ஜூலையில் மற்றவை அமலுக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த ஸ்டிரைக் சமயத்தில் டிவியில் எல்லோரும் "டிரைவர் ஓடலாமா கூடாதா" என்றுதான் சண்டை போட்டார்கள். ஓனரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓனருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவு. பழுது இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ, ஒரு வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுபவரும் குற்றவாளி, ஓட்டவைத்தவரும் குற்றவாளி, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி. அருமையான வாசகம். ஓனரைக் குறிவைத்தே எழுதியது போல இருக்கிறது. தண்டனை? சாதாரணமாக 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். அதிக லோடுக்கு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பழுதான பிரேக்கால் ஒருவர் கால் போனால் முதல் தடவை அதிகபட்ச அபராதம் 5,000. ரோட்டுக்கு இருக்கும் மரியாதை மனிதன் காலுக்கு இல்லை போலிருக்கிறது.

"பிரேக் ஃபெயிலியர்" என்ற மந்திரம்

பிரேக் போய்விட்டது என்றால் அது யாருடைய தப்பும் இல்லை, விதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை, அதுவும் ரொம்ப நாளாக.

இங்கிலாந்தில் ஹென்டர்சன் வழக்கு, 1969. சரிவில் இறங்கிய ஒரு லாரிக்குப் பிரேக் போய் ஒருவர் இறந்தார். பிரேக் ஆயில் போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. ஓட்டை விழுந்த இடம் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாத இடம். "நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற இடத்தையெல்லாம் பார்த்தோம், குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை" என்பது ஓனர் தரப்பு வாதம். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. அந்த லாரி அதுவரை எப்படிப்பட்ட லோடு ஏற்றியது, எங்கெல்லாம் ஓடியது, அதனால் துருப்பிடிக்க வாய்ப்பு இருந்ததா, இந்த வரலாற்றைக் காட்ட வேண்டியது ஓனர், காட்டவில்லை, ஆகவே அவரே பொறுப்பு என்றது.

நம் நாட்டில் மினு மேத்தா வழக்கு, 1977. இதிலும் லாரிதான், இயந்திரக் கோளாறு என்றுதான் வாதம். கோளாறு வெளியில் தெரியாதது, நியாயமான கவனம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாதது என்று ஓனர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதாவது "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது, ஆவணம் காட்ட வேண்டும். மேலே சொன்ன துண்டுச் சீட்டு பில் ஞாபகம் இருக்கிறதா? அது இல்லாத ஓனருக்கு இந்த வாதமே கிடையாது. ஆனால் தீர்ப்பாயத்தில் எப்படியும் இன்சூரன்ஸ் கம்பெனிதானே கட்டப்போகிறது! அதனால் பெரும்பாலும் இந்தக் கேள்வி ஆழமாகப் போவதே இல்லை.

நம்ம ஊர் பழைய கதை ஒன்று

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் நமக்கு பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்புதான் சட்டம். அதில் 1384-ஆம் விதி: ஒருவன் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பொருளால் பிறருக்குத் தீங்கு வந்தால் அவனே பொறுப்பு. 1804-ல் எழுதியது, அப்போது லாரியே கிடையாது. 1925-ல் பிரான்சில் ஒரு வணிக நிறுவனத்தின் லாரி மோதி ஒரு சிறுமி பலத்த காயம் அடைந்தாள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து 1930 பிப்ரவரி 13 அன்று பிரான்சின் உச்ச வழக்கு மன்றம் தீர்ப்பு சொன்னது. ஜாந்தேர் தீர்ப்பு என்பார்கள். "என் மேல் தப்பில்லை" என்று சொல்வது போதாது. எதிர்பாராத, தடுக்க முடியாத வெளிக் காரணத்தால் நடந்தது என்று நிரூபித்தால் ஒழிய, பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவரே ஈடு கட்ட வேண்டும். வண்டிக்குள்ளேயே இருக்கும் பழுது வெளிக் காரணம் ஆகாது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்து, பிறகு இந்தியச் சட்டங்கள் வந்தன. பிரான்ஸ் அதோடு நிற்கவில்லை. 1985-ல் சாலை விபத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு, நடந்து போகிறவருக்கு ஏறக்குறைய எல்லா நிலையிலும் ஈடு கிடைக்க வழி செய்தது. நாம் இந்தியாவில் 164-ஆம் பிரிவின்கீழ், யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்ற அளவுக்கு வந்திருக்கிறோம்.

இன்னொரு உதாரணம். 2015 பிப்ரவரி 9, இங்கிலாந்தின் பாத் நகரம். சரிவான தெருவில் இறங்கிய டிப்பர் லாரிக்குப் பிரேக் போய் நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒரு நான்கு வயதுக் குழந்தை. டிரைவர் 19 வயதுப் பையன். நம் ஊராக இருந்தால் அவன் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். அங்கே பிரேக்கின் பராமரிப்பை விசாரித்தார்கள். 2017 ஜனவரியில் லாரிக் கம்பெனி முதலாளிக்கு ஏழரை வருடம், மெக்கானிக்குக்கு ஐந்து வருடம் மூன்று மாதம் சிறை. டிரைவர் குற்றமற்றவர் என்று விடுதலை.

தண்டனையின் அளவு எனக்கு முக்கியமில்லை. விசாரணை எந்தத் திசையில் போனது என்பதுதான் முக்கியம்.

டிரைவர் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று வரிசையாக நின்ற வண்டிகள் மேல் ஏறி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் அதே கணவாயில் நான்கு பேர். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது அங்கே பல வருடமாகச் சொல்லப்படும் காரணம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மொத்த லோடையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பு இழக்கும். நல்ல பிரேக்கே தடுமாறும், தேய்ந்த பிரேக் என்ன செய்யும்?

அவிநாசி, 2020 பிப்ரவரி 20. கன்டெய்னர் லாரி மோதி கேரள அரசு பஸ்ஸில் 19 பேர் இறந்தார்கள். முதலில் டயர் வெடித்தது என்றார்கள். பிறகு டிரைவர் தூங்கிவிட்டதே காரணம் என்று கேரளப் போக்குவரத்துத் துறையின் விசாரணை சொன்னது.

நியூட்ரலில் விட்டதும் தூங்கியதும் டிரைவர்தான், சரி. ஆனால் டீசலுக்கு அளவு நிர்ணயித்து மிச்சம் பிடித்தால்தான் கைக்குக் காசு என்று வைத்தது யார்? மாற்று டிரைவர் இல்லாமல் ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்வது யார்? 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால்தான் தானாகப் பொருந்தியது. ஒற்றை வண்டிக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? டிரைவரின் தப்பைப் பாதி வரை தோண்டினால் அங்கேயும் ஒரு செலவுக் கணக்குதான் கிடைக்கிறது.

அப்படியானால் சின்ன ஓனரை ஒழித்துவிடலாமா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பொறுப்பை ஓனர் மேல் ஏற்றினால் ஒற்றை லாரிக்காரர்கள் அழிந்து, பெரிய கம்பெனிகள் மட்டும் மிஞ்சும் என்பார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் நான் ஜெயிலை மட்டும் கேட்கவில்லை. கேட்பது இவைதான்:

1. பராமரிப்புப் பதிவேடு. ஆர்சி, பெர்மிட் மாதிரி ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் ஒரு பட்டறைப் புத்தகம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றும் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், யார் பார்த்தது. எஃப்சி புது வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு, பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு முறை. அந்த ஒரு நாள் மட்டும் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் காட்டினால் போதுமா? மீதி நாட்களுக்குப் புத்தகம்தான் சாட்சி.

2. பிரீமியத்தில் வித்தியாசம். புத்தகம் ஒழுங்காக இருந்தால் மூன்றாம் நபர் பிரீமியத்தில் தள்ளுபடி. சின்ன ஓனருக்கு இதுதான் உண்மையான உதவி. பட்டறைச் செலவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பில் வாங்கவும் காரணம் கிடைக்கும்.

3. மரணம் நடந்த ஒவ்வொரு லாரி விபத்திலும் 190-ஆம் பிரிவைப் பற்றி எழுத்தில் ஒரு முடிவு. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, "இயந்திரக் கோளாறால் நடந்ததா இல்லையா" என்று ஏற்கெனவே அறிக்கை கொடுக்கிறார். அதில் லைனிங் கனம், டயர் நிலை, கடைசி பராமரிப்புத் தேதி மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். மரணத்துக்குக் காரணமான பழுது என்றால் தண்டனையும் மூன்று மாதத்தில் நிற்கக் கூடாது.

4. லோடு அனுப்புகிறவர். 2018-ல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். வரம்பு உயர்ந்தும் அதற்கு மேலும் ஏற்றச் சொல்கிறவர்கள் உண்டு. வாடகையைக் கட்டுப்படியாகாத அளவுக்கு அடித்துப் பேசி, "நாளைக் காலை ஆறு மணிக்கு சரக்கு இறங்கணும்" என்கிற கம்பெனிக்கு விபத்தில் ஒரு பங்கும் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றியது நிரூபணமானால் இழப்பீட்டில் ஒரு பகுதி அங்கேயும் போக வேண்டும்.

நாலாவதுதான் கஷ்டம் என்று தெரியும். ஏனென்றால் அந்தக் கம்பெனிகளில்தான் நாமெல்லாம் நாளைக்கு வேலைக்குப் போகப்போகிறோம். லாஜிஸ்டிக்ஸ் செலவைக் குறைத்துக் காட்டினால் பிரமோஷன் என்று சொல்வார்கள். அப்போது எந்தச் செலவு குறைந்தது, யாருடைய பிரேக்கில் குறைந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

கட்டுரைக்குச் சம்பந்தம் இருப்பதால் சில விஷயங்கள். வண்டியை விற்றால் உடனே ஆர்சியில் பெயர் மாற்றுங்கள். 2018-ல் நவீன் குமார் வழக்கில், வண்டி பல கை மாறி இருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனுக்கு எடுத்த வண்டி என்றால் ஓனர் என்பது ஃபைனான்ஸ் கம்பெனி இல்லை, வண்டியைக் கையில் வைத்திருப்பவர். வரி குறைவு என்று நம்ம ஊர் "பிஒய்" நம்பருக்கு ஆசைப்பட்டுப் பொய் விலாசத்தில் பதிந்த சொகுசு கார்கள் 2017-ல் கேரளாவில் பிரச்சினை ஆனது ஞாபகம் இருக்கலாம். ஆர்சியில் இருக்கும் பெயரும் விலாசமும் வெறும் சம்பிரதாயம் இல்லை. விபத்து நடந்த மறுநாள் யாரைத் தேடிப் போவது என்பதற்கான ஒரே சீட்டு அதுதான்.

இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து வழக்குகளும் போயிருக்கின்றன, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 42 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் உள்ள தூரம் ஒரு நம்பர் பிளேட் மட்டுமே. அதனால் விபத்தைப் பார்த்தால் அடிபட்டவரைத் தூக்குங்கள், கூடவே வண்டி நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவரை அடிப்பதால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

2023-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. எல்லாம் லாரியால் இல்லை, எல்லாம் பிரேக்கால் இல்லை. ஆனால் அதில் எத்தனை பேர் "இந்த டிரிப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்ற வார்த்தையால் இறந்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. அந்தக் கேள்வியை எழுதுவதற்கு அறிக்கையில் ஒரு கட்டம்கூட நாம் ஒதுக்கவில்லை.

அடுத்த முறை "பிரேக் பிடிக்காததால்" என்று பேப்பரில் படித்தால், "யாருடைய லாரி, கடைசியாக எப்போது பட்டறைக்குப் போனது" என்று பக்கத்தில் இருப்பவரிடமாவது கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்கள். குறிப்பாக, வீட்டில் லாரி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பராமரிப்புக் கணக்கு உண்மையில் எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். எனக்கும் மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.